கிளையைக் கடித்த கம்பி

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்பு, அறிவியல் கழக மாணவர்களும் நானும் தொட்டியில் வளர்த்த இச்சி மரத்தின் கிளைகளை வளைத்துக் கம்பி சுற்றினோம். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. இடையில் வந்து பார்க்காதது என் தவறு. கம்பியை எடுத்த பிறகும் சுருள் போன்ற தழும்பு கிளையில் நின்றுவிட்டது.

“கம்பி எப்படி உள்ளே போச்சு, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

மாணவர்களே, கம்பி உள்ளே போகவில்லை. கிளைதான் அதைச் சுற்றிப் பருத்தது. பட்டைக்கு உட்புறம் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு உள்ளது. அது உட்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் புளோயத்தையும் உருவாக்குவதால் கிளை பருக்கிறது. கம்பி இறுக்கிய இடத்தில் பருக்க வழியில்லை. அதன் இருபுறமும் மேடாகிவிடுகிறது. இலையில் தயாரான சர்க்கரையைக் கொண்டு செல்லும் புளோயமும் நசுங்குகிறது.

அப்படியென்றால் கம்பி எதற்கு? வளைத்த நிலையில் உருவாகும் புதிய சைலம் செல்களின் சுவரில் லிக்னின் படிந்து இறுகும்போதுதான் வளைவு நிலைக்கும். ஆக, வளைவை நிலைக்க வைக்கும் வளர்ச்சியே தழும்பையும் உண்டாக்குகிறது. கம்பியை எப்போது எடுக்கிறோம் என்பதே முக்கியம்.

ஜப்பானில் குளிர்காலத்தில் மரங்களின் வளர்ச்சி ஓய்ந்துவிடும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஜொகூரில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டு. இச்சி போன்ற மரங்களில் சில வாரங்களிலேயே கம்பி பதியத் தொடங்கும்.

கவனிக்க வேண்டியவை:

• கிளையின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பி போதும்.
• 45 பாகைச் சாய்வில், இறுக்காமல் சுற்றுங்கள்.
• வாரம் ஒருமுறை பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் உடனே எடுங்கள்.
• கம்பியைச் சுற்றிக் கழற்றினால் கிளை முறியலாம். துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.
• கிளை பழைய நிலைக்குத் திரும்பினால், வேறு தடத்தில் மீண்டும் சுற்றுங்கள்.

கம்பியே இல்லாத வழியும் உண்டு. சீனாவின் குவாங்டோங் வட்டாரத்து லிங்நான் மரபில், வெட்டியே கிளையை வடிவமைக்கிறார்கள். நுனி மொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின், பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் அவை துளிர்க்கும். எந்தத் திசையில் கிளை வேண்டுமோ, அந்தத் திசையை நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும்.

வீட்டில் காகிதப்பூச் செடி இருந்தால், பெற்றோரிடம் கேட்டு ஒரு கிளையில் முயன்று பாருங்கள். எங்கள் இச்சி மரத்தின் தழும்புக் கிளையை நாங்கள் வெட்டவில்லை. அதன் அருகே இப்போது ஓர் அட்டவணை தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாணவர் கம்பிகளைப் பார்த்துக் கையொப்பமிடுகிறார்.