அகராதியையே நோட்டில் எழுதிய கைதி... தெரியுமா?

ஆங்கில அகராதியை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக நோட்டில் எழுதியே ஆங்கிலத்தை வசப்படுத்தியவர் யார் தெரியுமா? அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ்! எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனவர். அமெரிக்காவின் நார்ஃபோக் சிறையில் இருந்தபோது, ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத் தலைவர் எலைஜா முஹம்மதுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் மனதில் இருப்பது தாளில் வரவில்லை. சிறைப் பள்ளியில் ஓர் அகராதியும் நோட்டும் பென்சிலும் கேட்டு வாங்கினார். காற்புள்ளி, முற்றுப்புள்ளிகூட விடாமல் முதல் பக்கத்தை எழுதி முடிக்கவே ஒரு நாள் ஆனது! எழுதியதை வாய்விட்டுப் படித்தார். மறுநாள் விழித்ததும் அந்த வார்த்தைகளே நினைவில் ஓடின. அதிலும் பளிச்சென்று நின்றது ‘ஆர்ட்வார்க்’, கரையான் தின்னும் ஓர் ஆப்பிரிக்க விலங்கு.

வார்த்தை வசப்பட்டதும் புத்தக வெறி பிடித்துக்கொண்டது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அறைக்கு வெளியே நடைவழியில் ஒரு விளக்கு எரியும். அந்த வெளிச்சம் விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்து படிப்பார். மணிக்கொரு முறை காவலர் வரும் காலடிச் சத்தம் கேட்டால் கட்டிலில் தாவித் தூங்குவதுபோல் படுப்பார். காவலர் நகர்ந்ததும் மறுபடி தரைக்கு! விடியற்காலை மூன்று, நான்கு மணி வரை இதே கதை. எப்பேர்ப்பட்ட தாகம்!

படித்தது மறந்துபோகிறதே என்கிறீர்களா? ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-லேயே பல அறைகள் கொண்ட ஒரு பெட்டியை வைத்து வழி சொல்லிவிட்டார். அட்டையின் ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் பொருள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடி புரட்ட வேண்டும், கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும். எது வரவில்லையோ அதற்கே நேரம்! எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

சரி, எத்தனை வார்த்தை வேண்டும்? ஆங்கில நாவலை உதவியில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் என்று கணக்கிட்டார் நியூசிலாந்தின் பால் நேஷன். மூல வார்த்தையும் அதன் கிளைகளும் சேர்ந்தது ஒரு குடும்பம். மலைப்பாக இருக்கிறதா? ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் முர்ரே 14 வயதில் பள்ளியை விட்டவர். ஆங்கில நாவலின் பெருமேதைகளில் ஒருவரான ஜோசப் கான்ராட் போலந்துக்காரர். சுமார் இருபது வயதில், ஆங்கிலேயக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலமே கற்றுக்கொண்டார். போலிஷ், பிரெஞ்சுக்கு அடுத்து, அது அவருக்கு மூன்றாவது மொழி!