செய்தியும் செயலியும் – 9: கட்டத்துக்குள் கல்லாப்பெட்டி

செய்தி நிறுவனத்துக்குச் செயலி இரண்டு வழிகளில் காசு கொண்டுவருகிறது. ஒன்று, திறந்தவர் கண்ணில் படும் விளம்பரம். மற்றொன்று, திறப்பதற்கே வாங்கும் சந்தா. விளம்பரம் கரைந்த கதையும், 2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் கட்டணச் சுவர் எழுப்பிய கதையும் முடிந்தாயிற்று. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது ஆப்பிள் பிடிக்கும் கமிஷன். அதற்கு முன்னால் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் வழியை மறிக்கிறது.

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு சொற்கட்டத்தை வெளியிட்டார். பத்தே ஆண்டுகளில் அமெரிக்காவை அது ஆட்டிவைத்தது. 1924இல் சைமன் அண்ட் சூஸ்டர் பதிப்பகம் தன் முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பைப் போட்டது. ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சில் இணைப்பு. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே எழுதிவிட்டது. சொல் தேடிக் கட்டம் நிரப்புவது பாவத்துக்குச் சமமான வீண்வேலை, ஒரு வகைப் பைத்தியம் என்பது அதன் தீர்ப்பு. மற்ற பெரிய நாளிதழ்கள் புதிர் போட்டு வாசகர்களைப் பிடித்துக்கொண்டிருக்க, டைம்ஸ் மட்டும் விரதம் காத்தது.

விரதத்தை முடித்துவைத்தது போர். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில நாட்களில், ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் லெஸ்டர் மார்க்கெல் நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். விளக்கணைத்து உட்கார வேண்டிய இரவுகள் வரப்போகின்றன, வாசகருக்குப் பொழுதுபோக ஏதாவது வேண்டும் என்பது அதன் சாரம். 1942 பிப்ரவரி 15 அன்று முதல் புதிர் வெளிவந்தது. புதிர்ப் பகுதிக்கு ஆசிரியராக வந்தவர் மார்கரெட் ஃபரார். பென்சில் கட்டி விற்ற அந்த 1924 புத்தகத்தைத் தொகுத்த மூவரில் அவரும் ஒருவர்! 1950 முதல் புதிர் தினசரி ஆயிற்று.

அந்தப் பைத்தியம்தான் இன்று கைபேசியில் சந்தா வசூலிக்கிறது. செய்தி நேரம் கடந்தால் செல்லாக்காசு. அதைச் சேகரிக்க நிருபர், விமான டிக்கெட், வழக்கறிஞர் என்று செலவு நீள்கிறது. புதிருக்குச் சிறிய குழு போதும். அதைவிட முக்கியம், அது காலைக் காபியோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கம். தேர்தல் முடிந்ததும் செய்திச் சந்தாவை நிறுத்துகிறவர், நூறு நாளாக விடாமல் சேர்த்த வெற்றிக் கணக்கு அறுந்துபோகக் கூடாதே என்று விளையாட்டை விடுவதில்லை. 2014இல் சின்னஞ்சிறு குறுக்கெழுத்து வந்தது. 2018இல் ஏழெழுத்துத் தேன்கூடான ‘ஸ்பெல்லிங் பீ’ இணையத்துக்கு வந்தது; நடுக்கட்ட எழுத்து எல்லாச் சொல்லிலும் இருந்தாக வேண்டும். 2021 டிசம்பரில் விளையாட்டுச் சந்தா 10 லட்சத்தைத் தாண்டியது.

அடுத்த மாதமே டைம்ஸ் ‘வேர்டில்’ விளையாட்டை வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு முயற்சி, நாளுக்கு ஒன்று. ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்தது. 2021 நவம்பர் 1 அன்று அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் 3 லட்சம். விடையைக் காட்டாமல் பச்சை, மஞ்சள் கட்டங்களை மட்டும் நண்பர்களுக்கு அனுப்பும் வசதியே அதற்கு விளம்பரம். விலை ஏழு இலக்க டாலர், அதிலும் அடிமட்டம் என்று மட்டும் டைம்ஸ் அறிவித்தது.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. வேர்டில் அப்போது உலாவியில் மட்டுமே ஓடியது, செயலி கிடையாது. தெரியாதவர்கள் ஆப் ஸ்டோரில் தேடி, அதே பெயரில் ஓர் இளைஞர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் செய்து கைவிட்டிருந்த வேறொரு விளையாட்டை ஒரே வாரத்தில் சுமார் 2 லட்சம் முறை இறக்கிக்கொண்டார்கள். ஆள்மாறி வந்த காசை அவர் ஓக்லாந்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அமைப்புக்குக் கொடுக்க முன்வந்தார்.

டைம்ஸ் கைக்கு வந்த பின் வேர்டில் 2023இல் மட்டும் 480 கோடி முறை ஆடப்பட்டது. விளையாட்டு, சமையல், பொருள் பரிந்துரை, 55 கோடி டாலருக்கு வாங்கிய விளையாட்டுச் செய்தித் தளம் ‘தி அத்லெடிக்’ எல்லாம் செய்தியோடு ஒரே கட்டாக விற்கப்படுகின்றன. சமையல் குறிப்புக்காக வருகிறவரும் அரசியல் நிருபரின் சம்பளத்துக்குப் பங்கு தருகிறார். இந்தக் கட்டு விற்பனையே டைம்ஸ் கண்ட உண்மையான வழி. வேர்டில் அதன் வாசலில் கட்டிய தோரணம்.

கமிஷனுக்கு இடம் இல்லாமல் போயிற்று. 2011 பிப்ரவரியில் ஆப்பிள் வகுத்த விதிப்படி, செயலிக்குள் கட்டும் 10 டாலர் சந்தாவில் 3 டாலர் ஆப்பிளுக்குப் போயிற்று. சந்தாதாரர் யார் என்ற விவரமும், அவர் சம்மதித்தால்தான் பத்திரிகைக்குக் கிடைத்தது. இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் லண்டன் நாளிதழான ஃபைனான்ஷியல் டைம்ஸ் இதற்கு உடன்படவில்லை. உலாவியிலேயே ஓடும் செயலியைச் செய்துகொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் ஐபேட் செயலி ஆப்பிள் கடையிலிருந்து மறைந்தது. அந்தச் சண்டை அடுத்த வாரம்.