எழுநூறு ரூபாய் நாற்பத்து மூன்று பைசா!

"உங்களுக்கு மருந்து வேண்டாம், ஸார். வேர்வைதான் வேண்டும்!" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்தென்றால் கடையில் வாங்கலாம். வேர்வைக்கு எங்கே போவது? விசாரித்ததில், திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மளிகைக் கடையின் மாடியில் அது கிடைக்கிறது என்று தெரிந்தது. அந்தக் காலமாக இருந்தால் 'தேகப் பயிற்சிக் கூடம்' என்று பலகை மாட்டி, உள்ளே நாலு கர்லாக்கட்டையைச் சாத்தி வைத்திருப்பார்கள். இப்போது 'ஜிம்' என்கிறார்கள். தண்டாலும் பஸ்கியும் மட்டும் மாறவில்லை. முதுகு வலியும் மாறவில்லை.

கூடத்தை நடத்துகிறவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றே கூப்பிடுகிறார்கள். காலையில் ஆண்களுக்கு அவர் கற்றுக் கொடுக்கிறார். பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு அவருடைய மனைவி கற்றுக் கொடுக்கிறார். அந்த அம்மாளை எல்லோரும் 'அக்கா' என்பார்கள். கணக்குப் புத்தகமும் அக்காவிடம்தான். மொத்தம் 68 அங்கத்தினர்கள். மாதம் 700 ரூபாய் கட்டணம்.

நான் சேர்ந்த முதல் நாள், சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். மாஸ்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ரொக்கம் வேண்டாம், ஸார். பாங்குக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே எல்லோருமே அப்படித்தான்."

"ஏன் மாஸ்டர்?"

"நோட்டு கையில் இருந்தால் சாயங்காலத்துக்குள் செலவாகிவிடுகிறது, ஸார்!" என்று சிரித்தார்.

அது உண்மைதான். ஆனால் ரொக்கத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு என்பதை அவரே பிறகு தெரிந்துகொண்டார். நோட்டை நீட்டுகிறவரின் முகம் நமக்குத் தெரியும். பாங்கு வழியே வருகிற பணத்துக்கு முகமே கிடையாது!

பாங்கு வழியே பணம் வருவதற்கும் பல பாதைகள் உண்டு. நெஃப்ட் என்பது 2005-இல் வந்தது. அதில் பணம் அரை மணிக்கு ஒரு தரம் கட்டுக்கட்டாகப் போகும். முன்பெல்லாம் பாங்கு வேலை நேரத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டி, 2019 டிசம்பரிலிருந்து இரவு, பகல், ஞாயிற்றுக்கிழமை எதுவும் பாராமல் ஓடுகிறது. ஐ.எம்.பி.எஸ். 2010-இல் வந்தது, அனுப்பிய மறு நிமிஷமே போய்ச் சேரும். ஆர்.டி.ஜி.எஸ். என்று ஒன்று இருக்கிறது. அது இரண்டு லட்ச ரூபாய்க்குக் குறைந்த தொகையை ஏறெடுத்தும் பார்க்காது. ஜிம்முக்கு இரண்டு லட்சம் கட்டுகிற புண்ணியவான் எங்கள் பேட்டையில் இன்னும் பிறக்கவில்லை! கடைசியாக 2016-இல் வந்தது யு.பி.ஐ. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட படத்தைச் செல்போனில் பிடித்தால் போதும், கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் தாவிவிடும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறதல்லவா? "அனுப்பிவிட்டேன்" என்று ஒருவர் சொல்லி, "வரவில்லையே" என்று மற்றவர் சொன்னால், இருவரில் ஒருவர் பொய்யர் என்று அர்த்தமில்லை. நெஃப்டில் அனுப்பிய பணம் அடுத்த வண்டிக்குக் காத்துக்கொண்டிருக்கலாம். அது வந்த பிறகும், கணக்கில் வரவு வைக்கப் பாங்குக்கு இரண்டு மணி அவகாசம் உண்டு. பாவம், மாஸ்டருக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், செல்போனில் பச்சை நிறத்தில் ஒரு 'சரி' அடையாளம் வந்தால் பணம் வந்துவிட்டது என்பதுதான்.

அந்தப் பச்சை அடையாளம்தான் முதலில் அவரை ஏமாற்றியது.

ஒரு நாள் காலையில் வாட்டசாட்டமான வாலிபர் ஒருவர் வந்தார். மூன்று மாதக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்டிவிடுகிறேன் என்றார். செல்போனைத் தட்டினார். பச்சை அடையாளம், தொகை, மாஸ்டரின் பெயர் எல்லாம் திரையில் பளிச்சென்று தெரிந்தன. மாஸ்டர் மகிழ்ந்துபோய் அன்றைக்கே ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில் அக்கா பாங்குக் கணக்கைப் பார்த்தபோது அப்படி ஒரு பணமே வந்திருக்கவில்லை. நிஜமான செயலியைப் போலவே வேஷம் போட்டு, வெறும் படத்தை மட்டும் காட்டுகிற போலிச் செயலிகள் உண்டாம்! வாலிபரும் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவில்லை.

"பணம் போனால் போகட்டும், ஸார். நூறு பேரை எடை தூக்க வைத்த என்னை ஒரு பையன் தூக்கி எறிந்துவிட்டானே!" என்று மாஸ்டர் அங்கலாய்த்தார்.

சூடு கண்ட பூனை பாலைக் கண்டாலும் பயப்படும். அந்தப் பயம் யார் தலையில் விடிந்தது தெரியுமா?

எங்கள் கூடத்தில் ஒரு பையன் இருந்தான். பத்தொன்பது வயசு. போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதத் தயார் செய்துகொண்டிருந்தான். எழுத்துப் பரீட்சையோடு கயிறு ஏற வேண்டும், ஓட வேண்டும், தாண்ட வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாஸ்டர் கதவைத் திறக்கும்போது அவன் படியில் உட்கார்ந்திருப்பான். தகப்பனார் இல்லை. தாயார் தையல் வேலை செய்கிறவர். மாதாமாதம் அவர் கொடுக்கிற ரொக்கத்தை, மாஸ்டர் அவன் ஒருவனிடம் மட்டும் வாங்கிக்கொள்வார்.

அந்த மாதம் ஒன்பதாம் தேதி ஆகியும் அவன் பெயருக்கு எதிரே வரவு இல்லை. நான் அப்போது சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் சுற்றி இருந்தார்கள்.

"தம்பி, ஒன்பது தேதி ஆச்சு" என்றார் மாஸ்டர்.

"மச்சான் அனுப்பிட்டாருங்க, மாஸ்டர். இந்த மாசத்திலேருந்து அவர்தான் கட்டுறார்" என்று சொல்லி, பையன் செல்போனை நீட்டினான். அதில் ஒரு படம் இருந்தது.

படத்தைப் பார்த்ததும் மாஸ்டரின் முகம் மாறியது.

"படம் காட்டுற வேலையெல்லாம் இங்கே வேண்டாம், தம்பி. பணம் வந்த பிறகு வா!"

பையன் பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனான். எனக்கு அதற்கு மேல் சைக்கிள் மிதிக்கக் கால் வரவில்லை.

அன்று இரவு அக்கா கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, அந்தப் பையனோட மச்சான் எந்த ஊரு?"

"திருப்பூர். பனியன் கம்பெனியில் வேலை."

"நாலாம் தேதியே 700 ரூபாய் வந்திருக்கு. யாரோ தெரியாத பேர். நான் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைச்சிருக்கேன். நீங்க பையன் பேரைத் தேடினீங்க. பணம் மச்சான் பேர்லதானே வரும்?"

மாஸ்டர் இரவெல்லாம் தூங்கவில்லையாம். விடிந்ததும் பையன் வீட்டுக்குப் போனார். அந்தத் தாயார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை என்றார் மாஸ்டர். பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

"தப்பு என்மேல், தம்பி. பத்துப் பேருக்கு நடுவில் சொன்னேன். பத்துப் பேருக்கு நடுவிலேயே மன்னிப்புக் கேட்கிறேன். நீ வா" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்குப் பையன் படியில் உட்கார்ந்திருந்தான். மாஸ்டரும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன்.

மன்னிப்புக் கேட்டதோடு மாஸ்டரின் வேலை முடிந்தது. அக்காவின் வேலை அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

முகமில்லாத பணத்துக்கு முகம் கொடுக்க வேண்டும். அதற்கு வழி என்ன? 'அனுப்பும்போது குறிப்பில் பெயர் எழுதுங்கள்' என்று சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் மறந்தார்கள். எழுதியவர்களின் குறிப்பும் சில சமயம் பாங்குக் கணக்கில் அரைகுறையாக வந்து நின்றது. பிறகு ஒரு நாள், கறிகாய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அக்காவுக்கு அந்த யோசனை தோன்றியதாம்.

அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார். பையனுக்கு 43. எனக்கு 61. இனிமேல் கட்டணம் 700 ரூபாய் மட்டும் அல்ல. அவரவர் எண்ணுக்குரிய பைசாவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நான் 700 ரூபாய் 61 பைசா. பையன் 700 ரூபாய் 43 பைசா. அவ்வளவுதான்! மாமா அனுப்பட்டும், மச்சான் அனுப்பட்டும், திருப்பூரிலிருந்து வரட்டும், துபாயில் உள்ள அண்ணன் இங்குள்ள தம் கணக்கிலிருந்து அனுப்பட்டும். பெயர் எதுவானாலும் வாலில் தொங்குகிற பைசா, 'நான் இன்னார் பணம்' என்று சொல்லிவிடும்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1957-இல் 'நயா பைசா' வந்தபோது நாடே அதைக் கணக்குப் பண்ணத் திண்டாடியது. 2011 ஜூன் மாதக் கடைசியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாமல் போயின. கடைத்தெருவில் செத்துப்போன பைசா, பாங்குக் கணக்கில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத்தான் அக்கா வேலைக்கு வைத்துக்கொண்டார்!

இன்னும் சில பழக்கங்களையும் அவர் கொண்டுவந்தார். சிறு தொழில் செய்கிற எவருக்கும் இவை உதவும் என்பதால் சொல்கிறேன்.

வீட்டுச் சேமிப்புக் கணக்கு வேறு, கூடத்தின் நடப்புக் கணக்கு வேறு என்று பிரித்துவிட்டார். பால் கணக்கும் பீஸ் கணக்கும் கலந்தால் பிரம்மதேவனாலும் பிரிக்க முடியாது.

கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.ஸி. எண்ணையும் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார். அந்த ஐ.எஃப்.எஸ்.ஸி.யில் 11 எழுத்துகள். முதல் நான்கு பாங்கைக் குறிக்கும். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தைப் போட்டுவிட்டு, "போக மாட்டேன் என்கிறதே!" என்று தவித்தவர்கள் எங்கள் கூடத்திலேயே மூன்று பேர். கணக்கு எண் அதைவிட முக்கியம். பாங்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கும். பெயரைப் பார்த்து அல்ல. ஆனால் ரிசர்வ் பாங்கின் உத்தரவுப்படி, 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸிலும் அனுப்புமுன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வசதி வந்திருக்கிறது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அனுப்பினால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

படத்தைப் பார்த்து ரசீது கொடுப்பது நின்றது. ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு குறிப்பு எண் உண்டு. அந்த எண்ணை நம்முடைய கணக்கில் கண்ணால் கண்ட பிறகுதான் ரசீது. அதேபோல, கணக்கு முழுவதையும் பார்க்காமல் 'வரவில்லை' என்று யாரையும் கேட்பதும் நின்றது. இரண்டாவது விதி முதல் விதியைவிடப் பெரியது என்பார் அக்கா.

ஒரு நாள் போனில் ஒருவர் பேசினார். தாம் ராணுவ அதிகாரியென்றும், இரண்டு பிள்ளைகளுக்கும் ஆறு மாதப் பணம் அனுப்புவதாகவும், தாம் அனுப்புகிற கட்டத்தைப் பிடித்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்து விழும் என்றும் சொன்னார். மாஸ்டர் விரலைத் திரையில் வைத்துவிட்டார்.

"நில்லுங்க! பணம் வாங்குறதுக்கு எதுக்குங்க ரகசிய எண்?" என்றார் அக்கா.

ஆம். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. தப்பித் தவறி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். நேரம் போகப் போகப் பணமும் தூரம் போய்விடும்.

"பாங்கு வழியே வாங்கினால் வரி வந்துவிடாதா?" என்று நான் அக்காவைக் கேட்டேன். கேட்கக் காத்திருந்தவர்போல் பென்சிலை எடுத்தார். 68 பேர், 700 ரூபாய், 12 மாதம்: மொத்தம் 5,71,200 ரூபாய். சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியது வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். வருமான வரியிலோ, சிறு வியாபாரிகளுக்கான எளிய கணக்கில், ரொக்க வரவில் நூற்றுக்கு 8 குறைந்தபட்ச லாபமென்றால், பாங்கு வழியே வந்த வரவில் நூற்றுக்கு 6தான். "நேர் வழியில் போகிறவனுக்குச் சுங்கமும் குறைச்சல், ஸார்!" என்றார்.

போன மாதம் நாலாம் தேதி நான் படி ஏறியபோது, அக்கா என்னைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டினார். நீளமாக ஒரு வரி. திருப்பூர்க்காரர் பெயர். அதற்கு எதிரே 700 ரூபாய் 43 பைசா.

"இப்ப யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஸார்" என்றார்.

மேலே நிமிர்ந்து பார்த்தேன். உத்தரத்தில் கட்டியிருந்த கயிற்றில் நாற்பத்து மூன்றாம் எண் ஏறிக்கொண்டிருந்தான். கீழே மாஸ்டர், அவன் தவறினால் தாங்கிக்கொள்வதற்காக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.