ஒரு நாளைக்கு ஒரு கதவு

குழந்தைகள் பல வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெறும் வார்டில் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி நோயைப் பற்றியதன்று. "எப்போது வீட்டுக்குப் போகலாம்?" என்பதே அது. பல நாட்களில் அதற்குத் துல்லியமான விடை எங்களிடம் இருப்பதில்லை. காய்ச்சல் வந்தால் தங்கும் நாட்கள் கூடும். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை உயரத் தாமதமானால் மேலும் சில நாட்கள் கூடும். குழந்தைகளிடையே அதிகம் காணப்படும் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயில் முதற்கட்டச் சிகிச்சைக்கே ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து வாரங்கள் ஆகும். முழுச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். இத்தகைய காத்திருப்பைக் குழந்தைக்கு எவ்வாறு தாங்கக்கூடியதாக ஆக்குவது? டிசம்பர் மாதத்தில் சில கட்டில்களின் அருகே காணப்படும் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

லெகோ நிறுவனம் வெளியிடும் ஸ்டார் வார்ஸ் திருவருகைக்கால நாள்காட்டியே அப்பொருள். பெயர் நாள்காட்டி என்றாலும் இது ஓர் அட்டைப்பெட்டி. அதன் முகப்பில் 1 முதல் 24 வரை எண்ணிட்ட சிறு கதவுகள் உள்ளன. டிசம்பர் முதல் நாள் தொடங்கிக் கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் வரை, ஒவ்வொரு நாளும் ஒரு கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு பிடி பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கும். ஒரு நாள் அவற்றைப் பொருத்தினால் ஒரு விண்கலம் உருவாகும். மற்றொரு நாள் திரைப்படத்தின் கதாபாத்திரம் ஒன்று பொம்மையாகக் கிடைக்கும். 1977ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தையும் அதன் தொடர்ச்சிகளையும் தழுவிய இவ்வகை நாள்காட்டி முதன்முதலாக 2011இல் வெளிவந்தது. முதல் ஆண்டில் யோடா என்ற முதிய ஞானி கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியில் தோன்றினார்.

இதன் மூலக் கருத்து மிகப் பழையது. அது குழந்தைகளின் பொறுமையின்மையிலிருந்து பிறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கென ஓர் இல்லத்தை நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற இறைப்பணியாளரிடம், கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் அதில் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரில் அச்சுத் தொழில் நடத்திய கெர்ஹார்ட் லாங் என்பவர் இவ்வகை நாள்காட்டிகளை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். அவருடைய சிறுவயதில் அவருடைய தாய் 24 சிறு இனிப்புகளை ஓர் அட்டையில் தைத்துக் கொடுத்ததே அதற்கு வித்து என்பர். ஆகவே கடைப்பொருளாவதற்கு முன்பே இது ஒரு தாயின் கைவேலையாக இருந்தது.

நாள்காட்டி காத்திருப்பைக் குறைப்பதில்லை. 24 நாட்கள் 24 நாட்களாகவே இருக்கின்றன. நீண்டு கிடக்கும் காலத்திலிருந்து இன்றைய நாளை மட்டும் பிரித்துக் குழந்தையின் கையில் கொடுப்பதே அதன் வேலை. மருத்துவமனையில் குழந்தைக்கு எல்லாவற்றையும் பிறரே செய்கிறார்கள்: ஊசி போடுகிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், மருந்தைக் கலந்து ஏற்றுகிறார்கள். அந்தக் கதவு ஒன்றைத்தான் குழந்தை தானே திறக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. எங்கள் வார்டில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். "எல்லாக் கதவும் திறந்தவுடன் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று அன்பு மிகுதியால் வீட்டார் அவனிடம் சொல்லியிருந்தனர். டிசம்பர் 11ஆம் நாள் இரவு, தாய் அயர்ந்து உறங்கிய வேளையில், எஞ்சியிருந்த கதவுகள் அனைத்தையும் அவன் திறந்துவிட்டான். விடியற்காலையில் செவிலியர் சென்று பார்த்தபோது, கட்டைகள் போர்வை முழுதும் சிதறிக் கிடந்தன. அவன் செருப்பை அணிந்துகொண்டு கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருந்தான். அவன் குறும்பு செய்யவில்லை. சொன்ன சொல்லை நம்பினான். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுப் புறப்படத் தயாராக இருந்தான்.

அன்று அந்தச் செவிலியர் செய்த செயல் எங்களுக்கு ஒரு வழியைக் காட்டியது. அவர் சிறுவனிடம் உண்மையைக் கூறினார்: "கதவுக்கும் வீட்டுக்கும் தொடர்பில்லை தம்பி. உன் இரத்தத்தில் அணுக்கள் ஏறினால்தான் போக முடியும். அது என்றைக்கு என்று எனக்கும் தெரியாது." அவன் வெகுநேரம் அழுதான். அதன் பிறகு கட்டைகளையெல்லாம் திரட்டி, மாத்திரை கொடுக்கும் காகித உறைகளில் பிரித்துப் போட்டார். எந்த உறையிலும் எண் எழுதவில்லை. நாளுக்கு ஓர் உறையை அவனே தேர்ந்தெடுத்தான். அவ்வுறைகள் தீர்ந்த பிறகும் அவன் வார்டில் இருந்தான். அதற்குள் வீட்டிலிருந்து வேறு கட்டைகள் வந்திருந்தன, உறைகள் மீண்டும் நிரம்பின.

இதிலிருந்து பெற்றோருக்குச் சில பரிந்துரைகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, கடைசிக் கதவை வீடு திரும்பும் நாளாகச் சொல்லாதீர்கள். பண்டிகைக்கு நாள் குறித்துவிடலாம். நோய்க்கு நாள் குறிக்க இயலாது. ஒருமுறை பொய்த்துவிட்ட வாக்கு, அடுத்து நாம் கூறும் உண்மைகளையும் குழந்தை ஐயுறும்படி செய்துவிடும்.

இரண்டாவதாக, கதவை ஊசிக்குக் கூலியாக்காதீர்கள். "அழாமல் ஊசி போட்டுக்கொண்டால்தான் திறக்கலாம்" என்றால், அழுத நாளில் குழந்தைக்கு இரட்டைத் தண்டனை ஆகிவிடும். அழுதாலும் அழாவிட்டாலும் இன்றைய கதவு குழந்தைக்கே உரியது. காய்ச்சலாலோ வாந்தியாலோ ஒரு நாள் திறக்க மனமில்லையெனில் அப்படியே விட்டுவிடுங்கள், கதவு காத்திருக்கும்.

மூன்றாவதாக, உள்ளே வந்தது என்னவென்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பத்துப் பன்னிரண்டு துண்டுகளால் ஆன விண்கலம் பல நேரங்களில் பெரியவர்களின் கண்ணுக்கு இன்னதென்று விளங்குவதில்லை. ஒரு நாள் நான் இஸ்திரிப்பெட்டி என்று எண்ணியது கிளர்ச்சிப் படையின் எக்ஸ்-விங் போர்க்கலமாம். ஒரு சிறுமி அதன் நான்கு இறக்கைகளையும் சுட்டிக்காட்டி எனக்குப் பாடம் நடத்தினாள். நாள் முழுவதும் பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, மருத்துவருக்கே கற்பிக்கும் ஐந்து நிமிடம் மிகவும் தேவையானது.

குழந்தையின் விரல்களையும் கவனியுங்கள். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து சில குழந்தைகளுக்கு நரம்புகளைப் பாதித்து, விரல்களில் மதமதப்பையும் வலுக்குறைவையும் உண்டாக்கலாம். சென்ற வாரம் எளிதாகக் கட்டைகளைப் பொருத்திய குழந்தை இந்த வாரம் அழுத்த முடியாமல் திணறினாலோ, சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்பட்டாலோ, நடக்கையில் கால் தடுக்கினாலோ எங்களிடம் தெரிவியுங்கள். பெரும்பாலும் இப்பாதிப்பு நாளடைவில் குறையும். எனினும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போது நாங்கள் அதை அறிந்திருக்க வேண்டும். கையில் வென்ஃப்ளான் இருந்தால், அந்தக் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றொரு கையால் குழந்தை கட்டட்டும். அடிப்பகுதியை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.

தூய்மையும் பாதுகாப்பும் இன்றியமையாதவை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் குழந்தையிடம் கட்டைகளைக் கொடுப்பதற்கு முன், 40 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத நீரில் மென்மையான சோப்பிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். ஒரு கட்டிலின் கட்டைகள் மற்றொரு கட்டிலுக்குச் செல்ல வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவற்றைத் தரக்கூடாது. பார்க்க வரும் தம்பி தங்கையருக்கும் இது பொருந்தும். விளையாடும்போது திடீரென இருமலோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே செவிலியரை அழையுங்கள். வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவாதீர்கள், துண்டு மேலும் உள்ளே போய்விடக்கூடும்.

விழுங்கிய சிறு துண்டு பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் குழந்தைநல மருத்துவத் துறையினர் அறுவர் லெகோ பொம்மையின் தலையைத் தாங்களே விழுங்கிப் பார்த்தனர். ஐவருக்குச் சராசரியாக 1.71 நாட்களில் அது வெளியேறியது; ஆறாமவருடைய தலை அகப்படவே இல்லை. இருப்பினும் சிகிச்சையில் உள்ள குழந்தை எதை விழுங்கினாலும் உடனே எங்களிடம் சொல்லுங்கள். பொத்தான் பேட்டரியும் காந்தமும் விழுங்கப்பட்டால் அது அவசரநிலை. ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

இந்த நாள்காட்டியை விலை கொடுத்து வாங்க வேண்டுமென்பதில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடும் குடும்பமாக இருக்க வேண்டுமென்பதும் இல்லை. டிசம்பர் மாதத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள கட்டைகளைக் காகித உறைகளில் பிரித்துப் போட்டாலே போதும். கட்டைகள் இல்லையெனில் ஒரு விடுகதையோ, வண்ணத்தாளோ, பாட்டி தன் கைப்பட எழுதிய இரண்டு வரியோ வைக்கலாம். உறைகளின் மீது எண் எழுதாதீர்கள். நாளைய உறையை நாளைக்குத் திறந்துகொள்ளலாம். இன்றைய உறையைக் குழந்தையே எடுக்கட்டும்.