தண்ணீர் சொல்லும் 'டிக்' கணக்கு

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் இருக்கிறது திருமலை. அங்கே பாறையில் செதுக்கிய 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையைப் பார்க்க உங்களில் சிலர் சுற்றுலா போயிருப்பீர்கள். அடுத்த முறை போனால், திரும்பும் வழியில் ஆரணிப் பக்கம் ஒரு பட்டுத்தறி வீட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள்.

தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகள் அதிலிருந்து மாலைபோல் தொங்கும். நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை ஊசிகளின் எதிரே வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை மேலே தூக்கப்படும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும்; இழை கீழேயே கிடக்கும். முந்தியில் மயிலும் மாங்காயும் வருவது இந்த 'உண்டு, இல்லை' என்ற இரண்டே சொற்களால்தான்! பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய ஏற்பாடு இது. அட்டையை மாற்றினால் டிசைன் மாறிவிடும். தறியைப் பிரிக்க வேண்டியதில்லை.

1968-இல் அமெரிக்காவில் டிக் மார்லி என்ற பொறியாளரும் அவர் கூட்டாளிகளும் ஏறக்குறைய இதே வசதியைத் தொழிற்சாலை எந்திரங்களுக்குக் கொடுக்க முனைந்தார்கள். அதுவரை கார் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான ரிலேக்களும் கம்பிகளும்தான் எந்திரங்களை இயக்கின. புது மாடல் கார் என்றால் கம்பிகளையெல்லாம் பிடுங்கி மறுபடி இணைக்க வேண்டும். மார்லி குழுவின் கருவியிலோ ஆணைத் தொடரை மாற்றினால் போதும். அது அவர்களுடைய 84-ஆவது வேலை. ஆகவே 'மோடிகான் 084' என்று பெயர் வைத்தார்கள். அந்த வகைக் கருவியைத்தான் இன்று தொழிற்சாலைகளில் பி.எல்.சி. என்கிறார்கள். அட்டைக்குத் துளை உண்டு அல்லது இல்லை, பி.எல்.சி.யின் உள்ளீட்டுக்கு 24 வோல்ட் உண்டு அல்லது இல்லை.

சரி, குழாயில் இடைவிடாமல் ஓடும் தண்ணீர் இந்த மொழியை எப்படிப் பேசும்?

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும்போது, நூலின் எடைக்கு இத்தனை மடங்கு தண்ணீர் என்று கணக்கு உண்டு. தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும். போன வாரம் சாயம் ஏற்றிய நூலோடு இந்த வார நூல் சேராது. சில கிலோ நூலுக்குக் குடத்தால் அளந்தாலே போதும். பி.எல்.சி. வைத்தால் சாயக்காரர் சிரிப்பார்! ஆனால் திருப்பூரின் பெரிய சாய ஆலையில் ஆயிரக்கணக்கான லிட்டரைக் குடத்தால் அளக்க முடியுமா?

அங்கேதான் பாய்வுமானி வருகிறது. எளிய வகை ஒன்றைப் பார்ப்போம். குழாய்க்குள் ஒரு சிறு சக்கரம், அதில் ஒரு காந்தம். தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் வெளியே உள்ள ஒரு சிறு சுவிட்ச் மூடித் திறக்கிறது. பி.எல்.சி.க்கு 'டிக்' என்று ஒரு மின்துடிப்பு கிடைக்கிறது. லிட்டருக்கு 10 துடிப்பு என்றால், 2,000 லிட்டர் தொட்டிக்கு 20,000 துடிப்பு. எண்ணி முடித்ததும் வால்வை மூட வேண்டியதுதான்.

எளிதாக இருக்கிறதல்லவா? சிக்கல் இனிமேல்தான்.

பி.எல்.சி. எப்போதும் கண்ணைத் திறந்து வைத்திருப்பதில்லை. உள்ளீடுகளை ஒரு முறை பார்க்கும், ஆணைகளைக் கணக்கிடும், வால்வு, மோட்டார்களுக்கு உத்தரவு அனுப்பும், பிறகுதான் மறுபடி பார்க்கும். இந்தச் சுற்றுக்கு 10 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நண்பனைக் கூப்பிடுங்கள். 3 விநாடி கையைத் தூக்கி, 3 விநாடி இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, 2 விநாடிக்கு ஒரு முறை மட்டும் சட்டென்று திறந்து பாருங்கள். எத்தனை முறை தூக்கினான் என்று சரியாகச் சொல்லிவிடுவீர்கள். இப்போது ஒரு விநாடி தூக்கி, ஒரு விநாடி இறக்கட்டும். கை எப்போதும் மேலேயே இருப்பதாகவோ கீழேயே இருப்பதாகவோதான் உங்களுக்குத் தோன்றும்!

பி.எல்.சி.யும் அப்படித்தான் ஏமாறும். துடிப்பு 10 மில்லி விநாடிக்கு மேல் நீடிக்க வேண்டும், இடைவெளியும் அவ்வாறே. அதாவது விநாடிக்கு 50 துடிப்புக்குள் இருக்க வேண்டும். விநாடிக்கு 3 லிட்டர் ஓடினால் 30 துடிப்பு, கவலை இல்லை. 6 லிட்டர் ஓடினால் 60! மீட்டரும் பழுதில்லை, பி.எல்.சி.யும் பழுதில்லை, கணக்கு மட்டும் குறையும்.

இதற்கு ஒரு வழி, அதிவேக எண்ணி என்ற தனி உறுப்பு. பட்டிக்குள் ஆடு நுழைய நுழைய வாசலில் நிற்கும் சிறுவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூழாங்கல்லைக் கூடையில் போடுகிறான். சொந்தக்காரர் வேறு வேலையாக இருந்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது வந்து கல்லை எண்ணிக்கொள்கிறார். அந்தச் சிறுவன்தான் இந்த எண்ணி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உலோக நாக்கு உள்ள சுவிட்ச் மூடும்போது, தரையில் விழுந்த கோலிக்குண்டுபோல் சில முறை துள்ளும். ஒரு துடிப்பு இரண்டு மூன்றாகிவிடும். அதிவேக எண்ணி இந்தத் துள்ளலையும் விடாமல் எண்ணித் தொலைக்கும்! மிகச் சிறிய துடிப்புகளைப் புறக்கணிக்கும்படி ஒரு வடிகட்டி நேரத்தை அமைப்பார்கள். அதை அளவுக்கு மீறி நீட்டினாலோ, உண்மைத் துடிப்புகளும் அடிபட்டுப் போகும்.

நாலு துடிப்பு தவறினால் என்ன என்கிறீர்களா? சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அத்தகைய நிலையத்துக்குள் எத்தனை லிட்டர் வந்தது, சுத்தமாகி எத்தனை லிட்டர் திரும்பியது என்ற இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நுழைவாயில் மீட்டரில் நூற்றுக்கு 5 துடிப்பு தவறினால், 10 லட்சம் லிட்டரில் 50,000 லிட்டர் கழிவுநீர் கணக்குக்கே வராது.

நூல்பிசிறு கலந்த கழிவுநீரில் சக்கரம் சிக்கிக்கொள்ளும். அங்கே சக்கரமே இல்லாத மின்காந்த மீட்டர் ஏற்றது. காந்தப் புலத்தில் மின்கடத்தும் நீர் ஓடினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே கண்ட உண்மை. 1832-இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில், பூமியின் காந்தப் புலத்தைக் கொண்டே தேம்ஸ் நதியில் இதை அளக்க முயன்றார். நம்பகமான முடிவு கிடைக்கவில்லை. இன்றைய மீட்டர் அதை அளந்து, துடிப்பாகவும் மாற்றித் தருகிறது.

இனி உங்களுக்கு ஒரு புதிர். நமது சக்கர மீட்டர் வழியாக 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் நிரப்புகிறீர்கள். இரண்டு முறையும் 2,000 துடிப்பு வர வேண்டும். முதல் நிலையத்தில் மெதுவாக நிரப்பியபோது 2,000, வேகமாக நிரப்பியபோது 1,640. இரண்டாவது நிலையத்தில் இரண்டு முறையும் 2,300-க்கு மேல். எந்த நிலையத்தில் எதைச் சரிசெய்வீர்கள்?