குளிரை மணிக்கணக்கில் எண்ணும் மரம் தெரியுமா?

உலர்பழக் கடையில் பேரீச்சைக்கும் அத்திக்கும் நடுவே, ஆரஞ்சு நிறத்தில் காது மடல் மாதிரி ஒன்று கிடக்குமே, ஆப்ரிகாட்! அந்த நிறத்தைப் போகாமல் பிடித்து வைத்திருப்பது கந்தகப் புகை என்று தெரியுமா? புகை காட்டாமல் வெறும் வெயிலில் காயவிட்டால் அதே பழம் பனைவெல்லம்போலக் கறுத்துவிடும். ருசியில் கறுப்புக்குத்தான் என் ஓட்டு.

அது கிடக்கட்டும். இந்தப் பழத்தை வீட்டு வாசலிலேயே காய்க்க வைத்துப் பறித்துத் தின்கிற ஊர் இந்தியாவில் இருக்கிறது. லடாக்! லே நகரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 100 மி.மீ.தான். சென்னையில் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை அது. பிறகு மரம் எப்படிப் பிழைக்கிறது? மலையில் உருகும் பனிநீரை ‘யுரா’ என்ற வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குத் திருப்புகிறார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துவிட ஊருக்கு ஒரு ஆள் உண்டு. பெயர் ‘சுர்பொன்’. நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டியின் அண்ணன் தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள்!

இனிமேல்தான் ஆச்சரியமே. ஆப்ரிகாட் மரத்துக்குக் கணக்குத் தெரியும்! இலையுதிர்த்துத் தூங்கப் போகிற மொட்டு, குளிர்ந்த மணிநேரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வருகிறது. உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி 7 டிகிரி வரை உள்ள குளிர்தான் கணக்கு. ரகத்தைப் பொறுத்து 300 முதல் 1,000 மணிநேரம் வரை சேர வேண்டும். கணக்கு நேரானால்தான் கண் விழிக்கும். சேரவில்லையா? வெயில் எவ்வளவு அடித்தாலும் ஏனோதானோவென்று நாலு பூ பூத்துவிட்டுச் சும்மா நிற்கும். இதில் ஒரு வேடிக்கை, எல்லாம் உறைந்துபோகிற கடுங்குளிரில் கழிந்த நேரம் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதே இல்லை!

தூங்கும்போது மைனஸ் 20 டிகிரியையும் தாங்கி நிற்கிற இந்த மரத்தின் பூ, விரிந்தபின் மைனஸ் 3 டிகிரிக்கே கருகத் தொடங்கிவிடும், தெரியுமா? இலை துளிர்க்கும் முன்பே அவசர அவசரமாகப் பூத்துவிடுவதுதான் வம்பு. பெயரிலேயே அந்த அவசரம் இருக்கிறது. ‘முந்திப் பழுப்பது’ என்று பொருள்படும் லத்தீன் சொல் கிரேக்கத்துக்குப் போய், அரபியில் ‘அல்-பர்கூக்’ ஆகி, ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு வந்துதான் ‘ஆப்ரிகாட்’ ஆனது. இந்த அவசரக்குடுக்கையைக் காப்பாற்ற இங்கிலாந்துக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். தெற்குப் பார்த்த கல்சுவரை ஒட்டி மரத்தை நட்டு, கிளைகளை விசிறிபோல விரித்துக் கட்டிவிடுவார்கள். பகலில் வெயிலைக் குடித்த சுவர் ராத்திரியில் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஏன்ஹோ என்ற கிராமத்தில் வீட்டுக்கு வீடு இப்படி மரங்கள். அந்தக் காலத்தில் ஜமீன்தாருக்கு வாடகையையே ஆப்ரிகாட்டாக அளந்தார்கள் என்று ஊர்க்கதை சொல்கிறது!

கொட்டையை உடைத்திருக்கிறீர்களா? உள்ளே அச்சு அசல் குட்டி பாதாம்! இரண்டும் ஒரே குடும்பம்தானே. ஹைதராபாத்தில் ‘குபானி கா மீட்டா’ செய்பவர்கள் இந்தப் பருப்பை எடுத்து மேலே தூவுவார்கள். ஆனால் எல்லா மரத்துப் பருப்பும் இனிக்காது. கசப்புப் பருப்பில் உள்ள அமிக்டலின் வயிற்றுக்குள் போனதும் சயனைடைக் கக்கும்! பெரியவர்களே ஒரு வேளைக்கு மூன்று சின்னப் பருப்புக்கு மேல் பச்சையாகத் தின்றால் ஆபத்து, சிறு குழந்தைக்கு ஒன்றே அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. இந்த அமிக்டலினையே ‘வைட்டமின் பி17’ என்று பெயர் சூட்டிப் புற்றுநோய்க்கு விற்கிறார்களே, அப்படி ஒரு வைட்டமினே கிடையாது.

லடாக்கியர் இனிப்புப் பருப்பு மரத்தை ‘ஞர்மோ’ என்றும் கசப்பு மரத்தை ‘கந்தே’ என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். கசப்பையும் வீணாக்குவதில்லை, எண்ணெய் ஆட்டித் தலைக்கும் உடம்புக்கும் தேய்த்துக்கொள்கிறார்கள். பழத்தையோ, நாம் மொட்டை மாடியில் வடகம் பிழிந்து காயவைப்பதுபோல மண்வீட்டுக் கூரையில் பரப்பிவிடுகிறார்கள். பழுப்புக் கொட்டைக்குப் பதில் வெள்ளைக் கொட்டை கொண்ட ரகம் ஒன்றும் அங்கே உண்டு. பெயர் ‘ரக்சே கார்போ’. வெள்ளைக் கொட்டை என்றுதான் அர்த்தம்! 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆர்மீனியாவின் ‘துதுக்’ குழல் ஆப்ரிகாட் மரத்தில் செய்யப்படுவது தெரியுமா? சீனாவில் மருத்துவத்துறைக்கே ‘ஆப்ரிகாட் தோப்பு’ என்று ஒரு பெயர் இருப்பது? தோங் ஃபெங் என்ற வைத்தியர் காசு வாங்க மாட்டாராம். குணமானவர்கள் மரம் நட்டால் போதும். பெரிய நோய்க்கு ஐந்து, சின்ன நோய்க்கு ஒன்று!

கை துறுதுறுக்கிறதா? கொட்டையை உடைத்து, முழுசாக இருக்கும் விதையை ஈர மணலில் புதைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். விதைக்கும் குளிர்க்கணக்கு உண்டு! வேர் எட்டிப் பார்த்ததும் தொட்டிக்கு மாற்றலாம். தாய்மரத்துப் பழமே வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வழி. விதைக்கன்று எப்படிக் காய்க்கும் என்பது சீட்டுக் குலுக்கல்.

சென்னை மாடித் தோட்டத்தில் காய்க்குமா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? எகிப்தில் ஆப்ரிகாட் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அவ்வளவு குறுகிய பருவம். அதனால் நடக்காத காரியத்தை அங்கே ‘நாளைக்கு, ஆப்ரிகாட் காலத்தில்’ என்பார்கள். நம் குதிரைக்கொம்பு மாதிரி. ஆகவே அண்ணா நகர் மாடிக்கும் அதே பதில்தான்: “புக்ரா ஃபில் மிஷ்மிஷ்!”