கோழித் தீவனத்தில் போன கடைசி மருந்து

கறிக்கோழிக் குஞ்சுகளுக்குக் கழிச்சல் கண்டதும் தண்ணீரில் மருந்து கலப்பதும், நோயே இல்லாதபோது எடை கூடட்டும் என்று தீவனத்தில் சிறிது சேர்ப்பதும் பண்ணைகளில் நெடுநாளைய பழக்கம். அப்படிச் சேர்த்தவற்றில் ஒன்று கோலிஸ்டின். உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

கோலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்தனர். மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகவே, மீண்டும் அதையே தேட வேண்டியதாயிற்று. நிமோனியா கண்டு மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைக்கு வேறெதுவும் பலிக்காதபோது, மிஞ்சியுள்ள சில மருந்துகளில் இது ஒன்று.

தீவனத்தில் சேர்வது சிறு அளவுதானே என்று எண்ணுவது தவறு. குடலில் உள்ள கிருமிகளில் வலுவற்றவை சாகும், தாங்கியவை பெருகும். தெளித்துத் தெளித்துக் காய்ப்புழு மருந்துக்குச் சாகாமல் போனதைப் பருத்தி விவசாயிகள் அறிவார்கள். கிருமியோ இன்னும் பொல்லாதது. மருந்தைத் தாங்கும் குணத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். கோலிஸ்டினைத் தாங்கும் இத்தகைய மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்ட செய்தி 2015இல் வெளியாயிற்று. கோழி எச்சத்திலிருந்து கூளத்துக்கும், கை, செருப்பு வழியே வீட்டுக்கும் கிருமி வந்து சேரும். தவழும் குழந்தைக்கு அது எட்டாத தூரமல்ல.

பல்லடம் பகுதியைப் போல ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்போருக்குத் தீவனம் நிறுவனத்திலிருந்தே வருகிறது. அதில் என்ன மருந்து கலந்துள்ளது என்று கேட்கத் தயங்க வேண்டாம். பெயர் அச்சிடாத பொட்டலங்களை வாங்கவே கூடாது.

மருந்தின் வேலையில் பெரும்பகுதியைக் கொட்டகைச் சுத்தமே செய்துவிடும். ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடி கோழியின் மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும். அந்த வழியாகவே கிருமி நுழைகிறது. நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிட்டு, மீதியைக் கிளறிவிடவும். காற்றோட்டம் தடைபடக் கூடாது. ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போட வேண்டும். அது வைரஸ் நோய். வந்தபின் எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தீர்க்காது. வீட்டுக் குழந்தையின் சாதாரணச் சளியும் அப்படித்தான்.

கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்து மருந்து தரும்போது, நிறுத்தி எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாள் முடியும் முன் வியாபாரி வண்டியோடு வந்து நின்றாலும் கோழியைப் பிடித்துக் கொடுக்க வேண்டாம்.